ஆக்டினோமைசீட்ஸ்: பூஞ்சை அல்லாத 'கதிர்ப்பூஞ்சை'

கிரேக்கத்தில் 'ஆக்டிஸ்' என்றால் கதிர், 'மைகீஸ்' என்றால் பூஞ்சை. மாட்டுத் தாடைக் கட்டியில், நடுவிலிருந்து நாலாபுறமும் கதிர்போல் விரிந்திருந்த இழைகளைக் கண்டு 1877-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹார்ட்ஸ் வைத்த பெயர். அதை அப்படியே 'கதிர்ப்பூஞ்சை' என்று தமிழாக்கியது பிழையையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது. இவை பாக்டீரியாக்கள். உட்கரு கிடையாது; இழையின் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டியதே. 'கதிரிழைப் பாக்டீரியா' என்பதே பொருந்தும். 'கதிரியக்கப் பூஞ்சை' என்று எழுதுவது முழுத் தவறு.

பெயரில் இவ்வளவு கறார் ஏன்? நிஸ்டாட்டின் என்ற மருந்து பூஞ்சையைத் தடுக்கும், இவற்றைத் தொடாது. மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்தெடுப்பதே அந்த வேறுபாட்டை நம்பித்தான்.

1943-ல் காசநோய்க்கான நுண்ணுயிர்க்கொல்லி ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் கையில், இந்த இனத்திலிருந்துதான். பிசானப் பருவ நெல்லில் இலையுறைக் கருகலுக்கு அடிக்கும் வேலிடாமைசினும், குலைநோய்க்கு அடிக்கும் கசுகாமைசினும் இவற்றின் சுரப்பே.

நெல்லைச் சீமையில் தேடுவதானால் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் நல்ல இடம். இவற்றுக்குக் காற்று வேண்டும், காரச்சாயல் பிடிக்கும், வறட்சியை வித்துகளாகத் தாங்கும். தாமிரபரணிப் பாசனத்தில் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் எண்ணிக்கை குறையும்.

மேல்மண்ணைத் தள்ளிவிட்டு 10–15 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். இதைத் தவிர்த்தால் வேகமாக வளரும் பேசில்லஸ் என்ற வேறு பாக்டீரியா வளர்ப்புத் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். 1 கிராம் மண்ணை 9 மி.லி. கிருமிநீக்கிய நீரில் கலந்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வையுங்கள். ஆயிரம் முதல் லட்சம் மடங்கு வரை நீர்த்த கரைசல்களில் 0.1 மி.லி. எடுத்து, நிஸ்டாட்டின் சேர்த்த ஸ்டார்ச் கேசின் அகார் என்ற வளர்ப்புக் கூழில் பரப்பி, 28 டிகிரியில் 7 முதல் 14 நாள் விடுங்கள். இரண்டாம் நாளே 'ஒன்றும் வரவில்லை' என்று தட்டைக் கொட்டிவிடுபவர்கள் நிறைய. சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல, அகாரைக் கவ்விக்கொண்டு, கம்பியால் கிள்ளினாலும் வராத கூட்டமே நீங்கள் தேடுவது.

அதைப் புதுத் தட்டின் நடுவே கோடாக இழுத்து ஒரு வாரம் வளர்த்து, சோதனைக் கிருமியைக் குறுக்கே இழுங்கள். கோட்டை நெருங்குகையில் கிருமி வளராமல் நின்றால் ஏதோ சுரக்கிறது. உடனே புது மருந்து என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அது ஸ்ட்ரெப்டோத்ரிசின், ஸ்ட்ரெப்டோமைசின் போல ஏற்கெனவே அறிந்த ஒன்றாகத்தான் இருக்கும்.