தேயிலைச் சாயம் போலித் தந்தத்தில் ஏன் ஏறுவதில்லை?

“கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1873 மாடல் ரிவால்வரின் நகல் ஒன்றுக்குப் போலித் தந்தக் கைப்பிடி மாட்டியிருக்கிறேன். பழசாகத் தெரியட்டும் என்று இரவு முழுக்கத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கழுவினால் மறுபடி வெள்ளை. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிஜத் தந்தம் என்பது பல். கால்சியம் பாஸ்பேட் கனிமமும் கொலாஜன் புரதமும் பின்னிக் கிடக்கும். ஊடே நுண்குழாய்கள் ஓடும். தேயிலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்தப் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தோல் பதனிடுவதும் இதே வேதியியல்தான். இன்றைய போலித் தந்தம் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். அதில் புரதமும் கிடையாது, குழாயும் கிடையாது. தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது.

அப்படியானால் நிறம் எந்த வழியாக உள்ளே போகும்? எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம் இது. ரெசினுக்குள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. குளிர்ந்த நிலையில் அவை அசைவதே இல்லை. சூடேற்றினால் நெளியத் தொடங்கும். அந்த நெளிவில் ஒரு கணம் சின்ன இடைவெளி திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். கூட்டமான பேருந்தில் ஆட்கள் லேசாக ஒதுங்கும்போது ஒருவர் நுழைந்துவிடுவதைப் போல, சாயத்தின் மூலக்கூறு அதற்குள் ஓர் அடி முன்னேறிவிடும். ஆறியதும் சங்கிலிகள் இறுகிவிடும். உள்ளே போனது உள்ளேதான். மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் லென்ஸுக்கு நிறம் ஏற்றுவதும் இப்படித்தான், சூடான சாயத்தில் முக்கி. ஆழம் மட்டும் சுலபத்தில் கூடாது: இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

ஆகவே பாலியெஸ்டர் துணிக்கான டிஸ்பர்ஸ் சாயம்தான் இதற்குச் சரி. கொதிக்கவிட்டால் கைப்பிடி வளைந்துவிடும். மிதமான சூட்டில் பொறுமையாக வைக்க வேண்டும். ஆல்கஹாலில் கரைத்த தோல் சாயம் சூடு இல்லாமலே மேற்பரப்பில் ஓரளவு பிடிக்கும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

ஒரே சீரான பழுப்பு பார்த்தவுடன் பொய் என்று தெரிந்துவிடும். பழைய கைப்பிடியில் உள்ளங்கை உரசும் மேடு வெளுத்து வழவழப்பாக இருக்கும். திருகைச் சுற்றிலும் விளிம்போரத்திலும் கீறல்களிலும் அழுக்கு கறுத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, பழுப்பு ஷூ பாலிஷ் பூசி, மேலாகத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் தங்கிவிடும். விற்கும்போது போலி என்று சொல்லிவிட வேண்டும். 1990 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை இருக்கிறது. யானையைக் கொல்லாத இந்த ரெசினை நான் மதிக்கிறேன். அதை நிஜத் தந்தம் என்று விற்பவரை மதிக்க முடியாது.

கையில் இருப்பது நிஜமாகவே பழைய போலியாக இருந்தால் கவனம். அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயட் 1870 வாக்கில் தந்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றாக உருவாக்கிய செல்லுலாய்டு என்ற ஆரம்பகால பிளாஸ்டிக்காக அது இருக்கலாம். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த அது சட்டென்று தீப்பிடிக்கும். வயதாக ஆக அமிலம் கக்கித் தானே சிதையும். அருங்காட்சியகங்களில் இப்படி அழியும் பொருட்களைக் காக்கும் ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. செல்லுலாய்டு என்று சந்தேகம் வந்தாலே சுடுநீர், சூடான காற்றை ஊதும் கருவி எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.