மோனோ: ஒன்றா, தனியா?

ஆங்கிலத்தில் ஒரு சொல் 'மோனோ' என்று தொடங்கினால் போதும், நம் கை தானாக 'ஒற்றை' என்று எழுதிவிடுகிறது. மோனோரெயிலுக்கு அது சரி, தண்டவாளம் ஒன்றுதான். ஆனால் மோனோலாக் என்பதை 'ஒற்றைப் பேச்சு' என்றால் காதில் ஒட்டவில்லை. 'தனிமொழி' என்றால் சட்டென்று விளங்குகிறது.

மூலச்சொல் கிரேக்க 'மொனொஸ்'. கிரேக்கர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது இந்தச் சொல்லைச் சொல்வதில்லை, அதற்கு 'ஹெய்ஸ்' என்று வேறு சொல் உண்டு. மொனொஸ் என்றால் துணையில்லாமல், தான் மட்டும். 'ஒன்றே ஒன்று' என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. துறவியைக் குறிக்கும் 'மங்க்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் வழியில் வந்ததுதான். கிரேக்கத்தில் 'மொனகொஸ்', அதாவது தனித்திருப்பவர். லத்தீனில் மொனகஸ் ஆகி, பழைய ஆங்கிலத்தில் முனுக் ஆகி, கடைசியில் மங்க் என்று தேய்ந்தது. அவர் எதை விட்டார் என்று பார்க்கிறது நம் 'துறவி', அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கிறது கிரேக்கச் சொல். பிற்பாடு துறவிகள் சேர்ந்தே வாழ்ந்தார்கள், ஆனாலும் அவர்கள் வாழும் மடத்துக்கு 'மொனாஸ்டரி', அதாவது தனித்து வாழும் இடம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கிரேக்கம் ஒரே சொல்லில் அடைத்துவைத்ததைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. ஒற்றைக்கு எதிர் இரட்டை. தனிக்கு எதிர் கூட்டம், துணை, கலப்பு. மொழிபெயர்க்கும்போது நான் இந்த எதிர்ச்சொல்லை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். ஒரே கல்லில் குடைந்த மோனோலித், கல் கல்லாக அடுக்கிக் கட்டியதற்கு எதிர். கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது, ஆகவே ஒற்றைக்கல். மோனோகிராஃப் ஒரே பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராயும் நூல், பல பொருள் கலந்த தொகுப்புக்கு எதிர். ஆகவே தனிநூல்.

கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் உள்ள ஓர் ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது. பின்னால் உயிரெழுத்து வந்தால் கிரேக்க மோனோ தன் கடைசி ஒகரத்தை விட்டுவிடும். மோனோவும் ஆக்சைடும் சேர்ந்து மோனாக்சைடு. 'ஆளுதல்' என்ற பொருளுள்ள சொல்லோடு சேர்ந்து மோனார்க். நம் 'ஒரு'வும் உயிருக்கு முன்னால் 'ஓர்' ஆகிவிடும்: ஓரிறைக் கொள்கை, ஓராள் நாடகம். (ஓரங்க நாடகம் வேறு. அதில் அங்கம்தான் ஒன்று, நடிப்பவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். இரண்டையும் குழப்பாமல் இருப்பது நல்லது.)

தாவரவியலில் மோனோகாட் என்பதற்கு 'ஒருவித்திலை' என்று வைத்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். ஊறவைத்த வேர்க்கடலையின் தோலை உரித்து விரலால் லேசாக அழுத்துங்கள். இரண்டு பருப்பாகப் பிரியும். அந்த இரண்டும்தான் வித்திலைகள். மக்காச்சோள விதையை என்ன அழுத்தினாலும் அப்படிப் பிரியாது, அதற்கு வித்திலை ஒன்றுதான். சொல்லைப் படித்ததுமே பொருள் கண்ணுக்குத் தெரிகிறது.

சிக்கல் வருவது மோனோசிலபிள் என்ற சொல்லில். ஒரே மூச்சில் ஒலிக்கும் துண்டு சிலபிள், அது ஒன்று மட்டுமே உள்ள சொல் மோனோசிலபிள். 'ஓரெழுத்து ஒருமொழி' என்று சிலர் எழுதுகிறார்கள். ஆ, தீ, பூ, கை போன்று நன்னூல் கணக்கிடும் 42 சொற்கள் அவை. ஆனால் 'கண்' என்பதும் ஒரே மூச்சில் வரும் ஒரு சிலபிள்தான், அதில் எழுத்தோ இரண்டு. சரி, 'ஓரசைச்சொல்' என்று வைத்தால்? 'கண்' நேரசை, பொருந்துகிறது. 'மலர்' என்று சொல்லிப் பாருங்கள். யாப்பில் அது நிரையசை, ஒரே அசை. வாயிலோ ம, லர் என்று இரண்டு சிலபிள். ஆக நம் அசையும் அவர்கள் சிலபிளும் ஒன்றல்ல. பொதுக் கட்டுரையில் ஓரசைச்சொல் என்று எழுதுவதில் தவறில்லை. இலக்கணம் பேசும் இடத்தில் வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மாணவர்கள் தடுமாறுவார்கள்.

வடமொழி 'ஏக'மும் நம்மிடம் உண்டு: ஏகாந்தம், ஏகபோகம். இதில் ஏகாதிபத்தியம் கவனிக்க வேண்டிய சொல். பிரித்துப் பார்த்தால் 'ஒருவரின் தலைமை', மோனார்க்கியின் நேர்ப்பொருள். வழக்கிலோ அது பிற நாடுகளை அடக்கியாளும் போக்குக்குப் போய்விட்டது. மோனார்க்கிக்கு முடியாட்சிதான் சரி.

ஆங்கில எழுத்தில் 'மோன்' (mon) என்று தொடங்குவதெல்லாம் இந்தக் குடும்பமும் அல்ல. மானிட்டர், மான்யுமென்ட் இரண்டும் எச்சரித்தல், நினைவூட்டல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தவை. மான்சூன், பருவத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. நாம் பருவமழை என்பதும் அதே பார்வைதான்.

கடைசியாக மோனோபொலி. 'போலெய்ன்' என்றால் விற்றல், ஒருவர் மட்டுமே விற்பது. இதற்கு 'முற்றுரிமை' என்று வைத்தவர்கள் ஒற்றையையும் தனியையும் விட்டுவிட்டு, அந்த நிலையில் இருப்பவருக்குக் கிடைப்பது என்ன என்று பார்த்திருக்கிறார்கள். சந்தை முழுதும் அவர் கையில். இதன் மறுபக்கம் மோனாப்சொனி, வாங்குபவர் ஒருவர் மட்டுமே இருக்கும் சந்தை. பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லைக் கையாண்டார். அமைத்துக் கொடுத்தவர் ஹால்வர்ட் என்ற செவ்வியல் அறிஞர். ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் கிரேக்கத்தில் 'ஒப்சொன்', பெரும்பாலும் மீன். அதை வாங்கப் போவதைக் குறிக்கும் வினைச்சொல்தான் இதற்கு வேர். ஒப்சொனை நம் 'தொடுகறி' அப்படியே பிடித்துவிடும். மோனாப்சொனிக்கு நான் எழுதுவது 'கொள்முதல் முற்றுரிமை'.