பழைய மஸ்டாங் வாங்குமுன் பெயிண்ட்டுக்கு அடியில் பார்க்க வேண்டியவை

‘முழுமையாகப் புதுப்பித்து மேம்படுத்தப்பட்டது’ என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வரும் பழைய அமெரிக்கக் கார்களை, வாங்க விரும்புவோரின் சார்பில் நேரில் சென்று சோதித்து அறிக்கை தருவது என் தொழில். மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில் நான் அதிகம் பார்ப்பவை 1965, 1966ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் கார்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டும் ஊர்கள் இவை. ஆகவே இங்கே புதுப்பித்தல் என்றால் முதலில் துருவை அகற்றுவதுதான். என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் ஆகியவற்றை மாற்றும் மேம்படுத்தல் அதற்கு அடுத்த வேலை. முதல் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவிய வண்டியே ஆபத்தானது, ஆனால் விளம்பரப் படத்தில் பளபளப்பது பெரும்பாலும் அதுதான்.

ஒஹாயோவில் ஒரு விற்பனையாளரின் கொட்டகையில் நான் சோதித்த சிவப்பு 1965 மஸ்டாங் ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. புதிய இருக்கைகள், ஏசி, 302 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின், ஐந்து கியர் பெட்டி என எல்லாம் இருந்தன. பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க உள் மட்கார்டின் மேல் விளிம்பில் பொறித்திருந்த வண்டி எண்ணைப் படித்தேன். அந்த எண்ணின் ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்து, வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதில் எந்த என்ஜின் இருந்தது என்பதைக் காட்டும். ‘சி’, ‘ஏ’, ‘கே’ ஆகியவை 289 கன அங்குல வி8க்கு உரியவை. அவற்றுள் 271 குதிரைத்திறன் கொண்ட ‘கே’ வண்டிக்குத்தான் சந்தையில் விலை மிக அதிகம். நான் பார்த்ததோ ஆறு சிலிண்டருக்கு உரிய எழுத்து.

ஆறு சிலிண்டர் வண்டியில் வி8 ஏற்றுவது குற்றமில்லை. அதற்கேற்ப மற்றவற்றையும் மாற்றியிருக்கிறார்களா என்பதே கேள்வி. இந்த மஸ்டாங்குகளில் ஆறு சிலிண்டர் வண்டியின் சக்கரத்துக்கு நான்கு போல்ட், வி8 வண்டிக்கு ஐந்து. சக்கர மூடியைக் கழற்றியபோது நான்குதான் தெரிந்தன. 120 குதிரைத்திறனுக்கென்று அமைத்த சிறிய பின் ஆக்ஸிலும், நான்கு சக்கரங்களிலும் 9 அங்குல டிரம் பிரேக்கும் அப்படியே இருக்க, அவற்றின் மேல் ஏறக்குறைய இரு மடங்கு வலிமையுள்ள என்ஜினை வைத்திருந்தார்கள். மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் பழையதே. 1966 வரையிலான மஸ்டாங்கில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ச் சுற்றுதான் என்பதால், ஏதாவது ஒரு குழாயில் கசிவு வந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். 1967இல்தான் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனிச் சுற்று வந்தது. முன் டிஸ்க் பிரேக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் இல்லாத வண்டியை யாராவது ‘மேம்படுத்தியது’ என்று விற்றால், அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை.

அடுத்து, ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டேன். முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையில் காற்று உள்ளே செல்வதற்கான துளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் உள்ள தகடு துருப்பிடிப்பது இந்த மாடலின் தீராத நோய். மெதுவாக ஊற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பயணியின் பக்கம் சொட்டத் தொடங்கியது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், அரித்துப்போன தரைத்தகட்டின் மேல் புதிய தகட்டை வைத்து ரிவெட் அடித்து, தார் பூசி மறைத்திருந்தார்கள். மஸ்டாங்கில் தனிச் சேஸிஸ் கிடையாது. தரையே வண்டியின் பலம். இதை அழகுக் குறையாக எண்ணிக் கடந்துபோகக் கூடாது.

வெளிப்புறத்தில் பட்டி பூசிய இடங்களைக் காந்தமே காட்டிக் கொடுத்துவிடும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவுகளிலும் கதவின் கீழ் விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. மின்விசிறியும் ஏசியும் புதிதாகச் சேர்த்த வண்டியில் ஆல்டர்னேட்டரையும் வயரிங்கையும் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்க மறக்காதீர்கள், ஏனெனில் அறுபது ஆண்டுப் பழைய ஒயர் அந்தச் சுமையில் சூடாகி உருகும். டிக்கியின் தரையாக இருப்பதே பெட்ரோல் டேங்கின் மேல்தகடு என்பதால், அங்கே துளையிட்டு ஸ்பீக்கரோ பெட்டியோ பொருத்தியிருந்தால் வண்டியை எடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

காகிதங்களைப் பொறுத்தவரை, 1967 முதலான வண்டிகளுக்குத் தொழிற்சாலைப் பதிவுகளின் நகலைக் கட்டணம் செலுத்திப் பெற முடியும். 1965, 1966 வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. கதவில் உள்ள தகவல் தகட்டைப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள் என்பதால், அதை மட்டும் நம்பாமல், மட்கார்டில் பொறித்த எண்ணையும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். வணிகர் கண்ணாடியில் ஒட்டிய தாளில் ‘உள்ளபடியே விற்பனை’ என்ற கட்டம் குறிக்கப்பட்டிருந்தால், வாங்கிய பிறகு வரும் பழுதுகளின் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான் விழும்.

என்னை அனுப்பியவர், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டும் ஆசையில் அந்த வண்டியைத் தேடியவர். பெயிண்ட் அடிப்பதற்கு முன் எடுத்த தரைத்தகட்டின் படங்களை விற்பனையாளரிடம் கேட்டார், ஒன்றும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து அவர் வாங்கியது, கூரையில் பெயிண்ட் மங்கிய 1966 வண்டி. அதன் சக்கரங்களில் ஐந்து போல்ட், முன்னால் டிஸ்க் பிரேக். தகடு வெட்டி ஒட்டியதன் ஒவ்வொரு படியையும் எடுத்த படங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்; கார்பெட் நனையவில்லை.