முதலிடம் பிடித்தவர் ஏன் தோற்கிறார்?

அல்சூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவின் டிரம்ப், பிரான்சின் லெ பென் மாதிரி ஆட்கள் களத்துக்கு வந்தால், அதுவரை அடித்துக்கொண்டிருந்த தலைவர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து எதிர்க்கிறார்கள். ஓர் ஊரில் தடுத்துவிடுகிறார்கள், இன்னோர் ஊரில் கோட்டை விடுகிறார்கள். ஏன்?”

எதிர்ப்பு வருவதற்கான காரணத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைகிற வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதினார்கள். இருப்பதைக் கொண்டு ஓரளவு நிம்மதியாக வாழும் வாக்காளருக்கு, ‘எல்லாவற்றையும் புரட்டிப்போடுகிறேன்’ என்பவரைப் பார்த்தால் வயிற்றில் புளி கரைக்கிறது. பழைய தலைவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எதிர்க்கட்சிக்காரர் எதற்கு மசிவார், எதற்கு மசியமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். நாளைக்கும் அதே அவையில் முகம் பார்த்தாக வேண்டும். யாருக்கும் கடன்படாமல் வந்த வெளியாளிடம் அந்தப் பேரம் நடக்காது.

சரி, எதிர்ப்பு இருந்தால் போதுமா? அதை யாராவது எண்ண வேண்டுமே! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் நூறு வீட்டு அடுக்ககம் ஒன்றில் சங்கத் தலைவர் தேர்தல் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு ஓட்டு. பழைய செயலாளர், பழைய பொருளாளர், அப்புறம் ஒரு புதுமுகம். “டேங்கர் தண்ணீர் பில்லில் கொள்ளையடிக்கிறார்கள், கமிட்டியையே கலைக்கிறேன்” என்கிறார் புதுமுகம். அவருக்கு 40 ஓட்டு, செயலாளருக்கு 35, பொருளாளருக்கு 25. புதுமுகம் ஜெயித்தார்.

இப்போது அதே நூறு பேரிடம் ‘இவர் இல்லாவிட்டால் யார்?’ என்று கேளுங்கள். செயலாளர் ஆட்கள் பொருளாளரைச் சொல்கிறார்கள், பொருளாளர் ஆட்கள் செயலாளரை. புதுமுகத்தின் ஆட்களுக்கு செயலாளர் மீதுதான் கோபம் அதிகம், அதனால் பொருளாளர் என்கிறார்கள். கடைசியாக வந்த பொருளாளரை நீக்கிவிட்டு இரண்டாம் சுற்று வைத்தால் செயலாளர் 60–40 என்று ஜெயிக்கிறார். இருவர் இருவராக மோதவிட்டாலோ, பொருளாளர் புதுமுகத்தை 60–40, செயலாளரை 65–35 என்று இரண்டு பேரையும் வீழ்த்துகிறார். ஒருவர் மனசும் மாறவில்லை. எண்ணும் முறையை மாற்றியதும் மூன்று முறைக்கு மூன்று தலைவர்கள்! இப்படி ஜோடி ஜோடியாக மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்று கொண்டோர்செ என்ற பிரெஞ்சுக் கணிதர் 1785-இலேயே எழுதிவிட்டார். மனு தாக்கலுக்கு ராகு காலம் பார்க்கிற நம் வேட்பாளர்கள், எதிரணி எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

2016-இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குடியரசுக் கட்சி முன்தேர்தலில் டிரம்புக்குக் கிடைத்தது 32.5%. எதிர்த்து நின்ற ரூபியோவும் க்ரூஸும் ஆளுக்கு 22% சொச்சம். ஆனால் வேட்பாளரை முடிவுசெய்யும் மாநாட்டுக்கு அந்த மாநிலம் அனுப்பும் 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கே போனார்கள். அவரை வேண்டாம் என்றவர்கள் நிறையப் பேர்தான். ஆனால் ‘நீ விலகு’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிரான்சில் இரண்டு சுற்று. 2002 அதிபர் தேர்தலில் தீவிர வலதுசாரியான ஜான்-மரி லெ பென் 16.86% வாங்கி இரண்டாம் சுற்றுக்கு வந்ததும், இடதுசாரிகள்கூட வலதுசாரியான சிராக்குக்கு வேண்டா வெறுப்பாக ஓட்டுப்போட, அவர் 82% வாங்கினார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இரு சுற்றுகளுக்கும் நடுவே எதிர்ப்பு ஓட்டு சிதறக் கூடாது என்று 200-க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகிக்கொள்ள, முதல் சுற்றில் முந்திய லெ பென்களின் தேசியப் பேரணிக் கட்சி இடங்களில் மூன்றாவதாகப் போனது. அதற்காக இந்தத் தடுப்புச் சுவர் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். மகள் மரீன் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 2017-இல் 33.9%, 2022-இல் 41.45%. ‘பார்த்தீர்களா, எல்லாரும் ஒரே கூட்டம்’ என்று சொல்ல அவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சாட்சி கிடைக்கிறது.

நம்மிடமும் இரண்டாம் விருப்பத்தை எண்ணும் தேர்தல் உண்டு, குடியரசுத் தலைவர் தேர்தல். 1969 ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ், காமராஜர், நிஜலிங்கப்பா உள்ளிட்ட மூத்தவர்களின் விருப்பப்படி சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. இந்திரா காந்தி பக்கம் வி.வி. கிரி. கிரி ஒன்றும் வெளியாள் இல்லை, அதுவரை துணைக் குடியரசுத் தலைவர். கட்சி மேலிடத்துக்கு எதிராகச் சுயேச்சையாக நின்றார், அவ்வளவுதான். முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548. சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் ஆதரித்த மூன்றாவது வேட்பாளர் சி.டி. தேஷ்முக்கின் வாக்குகளில் இரண்டாம் விருப்பத்தைப் பிரித்ததும் பெரும்பகுதி ரெட்டிக்குக் கொட்டியது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. எண்பத்தெட்டாயிரம் வித்தியாசம் பதினான்காயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியும் கிரி தப்பித்துக்கொண்டார்.

மக்களவை, சட்டமன்றத் தேர்தலில் இரண்டாம் விருப்பம் எழுத இடமே இல்லை. தொலைக்காட்சிக் கணிப்புகளிலும் அந்தக் கேள்வி அபூர்வம். வாக்கு எண்ணும் நாளன்று அரங்க அலங்காரத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை நம் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைகளுக்குக் கொடுத்தால் கேட்டுச் சொல்லிவிடுவார்கள். அதுவரை, யார் யாருக்கு இரண்டாம் விருப்பம் என்ற கணக்கை மனு வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்கு முன், தொகுதிப் பங்கீட்டு அறைக்குள் தலைவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.