பூஜ்ஜியம் காணாமல் போன போஸ்டர்

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போஸ்டர் செய்தேன். நெட்டையாக ஒடுங்கி நிற்கும் எழுத்துரு. நிற்கும் கோடுகள் தூண் மாதிரி தடிமன், அவற்றை இணைக்கும் கோடுகளோ மயிரிழை. அந்த ஒயிலில் மயங்கி, தலைப்பில் போட்டது போதாதென்று தேதி, நேரத்தையும் அதிலேயே 9 பாயிண்ட் என்ற சின்ன அளவில், கருப்பின் மேல் வெள்ளையாக வைத்துவிட்டேன். அச்சாகி வந்தபோது '10' என்பது '111' ஆகியிருந்தது. பூஜ்ஜியத்தின் மேல், கீழ் வளைவுகளை மை விழுங்கிவிட்டது. மிஞ்சியது பக்கத்துத் தூண்கள் இரண்டும்தான்.

கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். மயிரிழையின் தடிமன் எழுத்தின் அளவில் நூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். 100 பாயிண்ட் தலைப்பில் அது 1 பாயிண்ட், 9 பாயிண்டில் வெறும் 0.09. கோடு 0.25 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம் என்பதுதான் அச்சில் வழக்கமாகச் சொல்லும் அளவு. கருப்புக்குள் வெள்ளைக் கோடு என்றால் இன்னும் தடிமன் வேண்டும், மை சுற்றிலும் பரவுமே! அந்தக் கருப்பை நாலு கலர் சேர்த்து உண்டாக்கினால், ஒரு கலர் இம்மி நகர்ந்தாலும் போச்சு. திரையிலும் தப்ப முடியாது. 16 பிக்சல் எழுத்தில் அதே கோடு 0.16 பிக்சல், வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் டிடோ என்ற அச்சுக் குடும்பமும் இத்தாலியின் பார்மாவில் பொடோனி என்ற அச்சாளரும் இந்தப் பாணியை வளர்த்த காலத்தில், ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தை உலோகத்தில் தனியாக வெட்டினார்கள். சின்ன அளவில் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை சேர்த்துக்கொள்ள முடிந்தது. கணினி வந்தபின் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் இழுக்கப் பழகிவிட்டோம். 1990களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழுக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்லர் டிடோ பாணியில் வரைந்தபோது, ஏழு அளவுகளுக்கு ஏழு வரைவுகள் செய்தார். 2016இல் அறிமுகமான வேரியபிள் எழுத்துருக்களில் அளவுக்கேற்ற இந்த வரைவுகளை ஒரே கோப்பில் அடக்கலாம், வரைந்தவர் அந்த வசதியை வைத்திருந்தால். பெயரில் 'டிஸ்ப்ளே' என்று இருந்தால் பெரிய எழுத்துக்கானது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, இடம் போதவில்லை என்று சாதாரண எழுத்தையே மென்பொருளில் நசுக்குவது. அகலத்தை 60 சதவீதமாக்கினால் தூண்களும் 60 சதவீதமாக மெலியும். படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும். தடிமனும் மெலிவும் மோதும் அழகு அங்கேயே செத்தது. ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்தில் தூண் பெரும்பாலும் தன் கனத்தை விடாது, உள்ளிருக்கும் வெற்றிடம்தான் குறுகும். தமிழில் நசுக்கினால் இன்னும் மோசம், 'ணை'யின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, "இதில் ரொம்பச் சின்ன எழுத்து எது?" என்றுதான். அதற்குச் சீரான தடிமனுள்ள வேறு எழுத்துரு. "இரண்டும் ஒட்டவில்லையே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சரி என்று இரண்டு விதமாகவும் அசல் அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று நேரத்தை வாசிக்கச் சொல்வேன்.