ஆப்பசோடா: எந்தச் சோடா என்று கேட்டு வாங்க வேண்டிய சொல்

ஈரோடு, கோபிப் பக்கத்து மளிகைக் கடையில் "ஏனுங்ண்ணா, சோடாப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "பலகாரத்துக்குங்களா, துணிக்குங்களா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். சோடா உப்பு என்பது பேச்சில் சோடாப்பு ஆகும்போது அதற்குள் இரண்டு சரக்கு அடங்கிவிடுகிறது. ஒன்று ஆப்பத்துக்கும் போண்டாவுக்கும் போடுவது. இன்னொன்று வாயில் வைக்கவே கூடாதது.

பலகாரத்துக்குப் போடுவது ஆப்பசோடா. பாடப்புத்தகத்தில் சமையல் சோடா, பாக்கெட்டில் பேக்கிங் சோடா, வேதியியலில் சோடியம் பைகார்பனேட். துணிக்குப் போடுவது சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். அதில் நீர் நீங்கிய வெள்ளைத் தூளைத்தான் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் சோடா ஆஷ் என்கிறார்கள். ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலைப் பற்றிக்கொள்ள அந்தக் காரத்தன்மை இல்லாமல் முடியாது. 'பை' என்ற முன்னொட்டு இரண்டைக் குறிக்கும். ஒரே அளவு சோடியத்துக்குக் கார்பனேட்டின் பங்கு இருமடங்கு என்பதால் வந்த பழைய பெயர். புதிய முறைப்படி சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட் என்று எழுத வேண்டும். கடையில் அப்படிக் கேட்டு யாரும் வாங்கியதில்லை.

இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டும் காரம், ஆனால் வலு வேறு. ஆப்பசோடா கரைத்த தண்ணீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 8.3 அளவில் நிற்கும். சலவைச் சோடா 11-ஐத் தாண்டிவிடும். பிஎச் ஒரு படி ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு ஏறும் கணக்கு என்பதால், இந்த இரண்டுக்கும் இடைவெளி பல நூறு மடங்கு. சலவைச் சோடாக் கரைசலை விரலால் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். தோலின் எண்ணெய் அங்கேயே கரைவதன் அடையாளம் அது. மூன்றாவதாகக் காஸ்டிக் சோடா ஒன்று உண்டு. சோப்பு காய்ச்ச உதவும் சோடியம் ஹைட்ராக்சைடு. பட்டால் தோல் வெந்துபோகும். வீட்டு வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

சோடா என்ற சொல் ஆங்கிலத்தின் வழி நம்மிடம் வந்தாலும் அதன் பிறப்பு மத்தியதரைக் கடலோரம். உப்பங்கரையில் வளரும் செடிகளை எரித்துச் சாம்பல் எடுத்து, அதில் கண்ணாடியும் சோப்பும் செய்தார்கள். அந்தச் சாம்பலுக்கு இடைக்கால லத்தீனில் சோடா என்று பெயர். செடிக்கு அரபியில் வழங்கிய பெயரே மூலமாக இருக்கலாம் என்பது சொற்பிறப்பு அறிஞர் பலரின் கருத்து. நம் கடற்கரைச் சதுப்பில் வளரும் உமரியும் அந்தச் செடிகளுக்கு உறவுதான். 1807-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சி ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சோடாவிலிருந்து வந்ததால் அதற்குச் சோடியம் என்று பெயர் வைத்தார். பொருளின் பெயர்தான் தனிமத்துக்குப் போனது.

குடிக்கிற சோடாவுக்கும் இதே வேர்தான். தொடக்க காலத்தில் சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து, வாயு ஏற்றி விற்றார்கள். பிறகு உப்பு போய், கார்பன் டை ஆக்சைடு மட்டும் மிஞ்சியது. பெயர் மாறவில்லை. இன்றைய கோலி சோடாவில் பொங்குவது வெறும் வாயு.

தமிழில் இந்தப் பொருளுக்குச் சொல் இல்லாமல் இல்லை. காரம் என்பதே அந்தச் சொல். வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தது. அப்பளத்துக்கு மாவு பிசையும்போது சேர்ப்பது அப்பளக்காரம். அதுவும் சோடா உப்பு வகைதான். சோப்புக்குப் பழைய பெயர் சவுக்காரம். இலங்கைத் தமிழர் இன்றும் சவர்க்காரம் என்கிறார்கள். சவர் என்றால் உவர்ப்பு. உவர்மண்ணைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் துணியை ஊறப்போட்டு, அடுப்பில் ஆவிகட்டி வெளுத்த முறைக்குப் பெயர் வெள்ளாவி. கொங்குச் சீமை உழவர் 'களர்' என்று ஒதுக்கும் நிலத்தில் வெள்ளை பூப்பதும் பெரும்பாலும் இந்தச் சோடிய உப்புகளே.

அப்படியானால் ஆப்பசோடாவைச் 'சமையற்காரம்' என்று மாற்றலாமே? மாற்றக் கூடாது என்பதே எங்கள் கட்சி. வேதியியல் வகுப்புக்கு வெளியே காரம் என்றால் மிளகாய்க் காரம். இனிப்புக் கடையில் காரம் என்றால் மிக்சரும் முறுக்கும். "ஒரு கரண்டி சமையற்காரம் போடு" என்று எழுதினால் கை அஞ்சறைப் பெட்டிக்குத்தான் போகும். மாறாக, ஆப்பசோடா என்ற சொல்லில் எந்தச் சோடா என்பது முதல் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. எழுத்தில் சமையல் சோடா, பேச்சில் ஆப்பசோடா. மற்றதற்குச் சலவைச் சோடா. இவற்றைத் தமிழ்ச் சொற்களாகவே கொள்ளலாம். வெறும் 'சோடா உப்பு' என்று குறிப்பு எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடு வீட்டு வேலையில் எங்கே உதவும் என்றால், முதலில் வாடையில்.

ஆப்பசோடா அமில வாடையைத்தான் பிடிக்கும். புளித்த மாவு, கெட்ட பால், வேர்வை, தலையணை உறையில் ஏறிய தேங்காயெண்ணெய்ச் சிக்கு, இவையெல்லாம் அமிலச் சேர்மங்கள். சோடா பட்டதும் உப்பாக மாறி, காற்றில் கிளம்பாமல் அடங்கிவிடும். மீன் வாடை அப்படியில்லை. பவானிசாகர் மீனோ மேட்டூர் மீனோ, அறுத்த பலகையில் நிற்கும் கவிச்சி அமீன் என்ற காரவகை. அதன்மேல் சோடாவைப் போட்டால் வாடை அடங்காது, சில நேரம் தூக்கலாகவே வரும். அதற்குப் புளிக்கரைசலோ எலுமிச்சைத் தோலோதான் மருந்து. பாட்டிமார் மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்ததில் வேதியியல் சரியாகவே இருந்தது.

பிரிட்ஜில் சோடாப் பாக்கெட்டின் மூலையை மட்டும் கத்தரித்து வைப்பதில் பயன் குறைவு. காற்று படும் பரப்புதான் வேலை செய்யும். அகலமான தட்டில் 100 கிராமைப் பரப்பி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தச் சோடாவைப் பிறகு பலகாரத்துக்கு எடுக்கக் கூடாது. உண்மையில், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி கரைத்து, மாவு வழிந்த தட்டுகளையும் கதவு ரப்பரின் மடிப்பையும் துடைப்பது இதைவிடப் பலமடங்கு பலன் தரும். வாடையின் ஊற்று அந்த மடிப்பில்தான் இருக்கும்.

துவைக்க முடியாத பவானி ஜமுக்காளத்துக்கு உலர்முறை. வெயிலில் போட்டு ஈரம் போனபிறகு, தேநீர் வடிகட்டியில் சோடாவை எடுத்துத் தட்டித் தட்டித் தூவவும். ஆறடிக்கு நாலடி விரிப்புக்கு 100 கிராம் போதும். நான்கு மணி நேரம் விட்டு, துடைப்பத்தால் ஒரே திசையில் வாரி, பிறகு கொடியில் போட்டு அடித்து உதற வேண்டும். ஈர ஜமுக்காளத்தில் தூவினால் சோடா கரைந்து நூலுக்குள் போய், காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

வேர்வை ஏறிய பனியன், சட்டைக்குப் பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் ஆப்பசோடா. இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, வழக்கம்போலச் சோப்பு போடலாம். சாதாரணப் பருத்திச் சாயத்துக்கு இந்த அளவு கெடுதல் செய்யாது. சிறுமுகைப் பட்டுக்கும் கம்பளிக்கும் எந்தச் சோடாவும் வேண்டாம். அவை புரத இழைகள். காரம் அவற்றை அரிக்கும், மினுமினுப்பு போய்விடும். சலவைச் சோடா பட்டால் சொல்லவே வேண்டாம்.

தண்ணீர்ப் பிரச்சினை தனி. சிறுவாணித் தண்ணீரில் சோப்பு தொட்டதும் நுரைக்கும். போர்த் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, துணியில் சாம்பல் நிறம் ஏறும். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்கு ஆவதே காரணம். இதற்கு ஆப்பசோடா கொட்டுவது வீண். சாதாரணச் சூட்டில் அது கால்சியத்தை அவ்வளவாகப் பிரிக்காது. இங்கே வேண்டியது சலவைச் சோடா. கடினத்தன்மை (இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 600 மில்லிகிராம் இருக்கும் தண்ணீர் 15 லிட்டர் குடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் சோடா ஆஷ் கணக்கு வரும். படிகமாக விற்கும் சலவைச் சோடாவில் பெரும்பகுதி நீர் என்பதால் அது 26 கிராம் வேண்டும். கலக்கி ஓரிரவு விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். பலர் துணியையும் தூளையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். அப்போது படிய வேண்டிய சுண்ணாம்பு துணியிலேயே படிந்து, துண்டு முறமுறவென்று ஆகிவிடும். இன்னொன்று: கையடக்க டிடிஎஸ் மீட்டர் மொத்தக் கரைதிடத்தை மதிப்பிடும், கடினத்தன்மையை அல்ல. அந்த எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

அதே போர்த் தண்ணீர் குழாய் வாயிலும் கீசரிலும் விட்டுப்போகும் வெள்ளை உப்புக்கறை கார்பனேட்தான். காரத்தைக் காரத்தால் கரைக்க முடியாது. வினிகர் நனைத்த துணியை அரைமணி சுற்றி வைத்தால் கறை இளகும். அந்த வினிகரோடு சோடாவையும் கலந்து பொங்கவிடும் வீடியோக்கள் ஏராளம். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். சலதாரை அடைப்புக்கும் இதே கதை. முடிக்கற்றையை அந்தப் பொங்கல் கரைக்காது.

அடிப்பிடித்த எவர்சில்வர் போசிக்கு (பாத்திரத்துக்கு) ஆப்பசோடா கெட்டிக்காரச் சரக்கு. இரண்டு விரல் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துச் சுரண்டினால் கருகல் ஏடு ஏடாகக் கழலும். கொதிக்கும்போது வாயு வெளியேறி, கொஞ்சம் ஆப்பசோடா சலவைச் சோடாவாக மாறிவிடுகிறது. வலு ஏறுவது அதனால். உலர்ந்த தூளை 200 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வறுத்தாலும் இதே மாற்றம்தான்: 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்சும். பெல்ஜிய வேதியியலாளர் எர்னஸ்ட் சால்வேயின் முறையில் இயங்கும் ஆலைகளும் முதலில் பைகார்பனேட் எடுத்து, அதை வறுத்தே சோடா ஆஷ் செய்கின்றன. ஆனால் அலுமினிய ஏனங்களில் இந்த வேலை ஆகாது. இட்லிப் பாத்திரமும் குக்கரும் உள்ளே கறுத்துவிடும். அது அழுக்கில்லை, காரம் உலோகத்தின் மேற்பூச்சைத் தின்ற தடம்.

கறுத்த வெள்ளிக் கொலுசுக்கு அதே அலுமினியம் உதவும். கண்ணாடிக் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு தாளைத் தொடும்படி வைத்து, ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்து ஊற்றவும். சில நொடியில் அழுகிய முட்டை வாடை லேசாக வரும். கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு. கந்தகம் அலுமினியத்துக்குப் போக, வெள்ளி அங்கேயே மிஞ்சுகிறது. தேய்த்தால் வெள்ளி குறையும், இதில் குறையாது. ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கழுவித் துடைக்கலாம். கல் பதித்ததையும், வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றியதையும் இதில் போட வேண்டாம்.

இனிக் குழப்பும் பெயர்கள். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலத்தூளும் மாவுச்சத்தும் உண்டு. சுத்தம் செய்ய உதவாது, பிசுபிசுக்கும். இதைவிட ஆபத்தான இரட்டைப் பெயர்கள், சலவைச் சோடாவும் சலவைத்தூளும். பாடநூல் தமிழில் சலவைத்தூள் என்றால் பிளீச்சிங் பவுடர், குளோரின் அடங்கிய சரக்கு. துவைக்கும் சோப்புத்தூள் என்று நினைத்து அதைச் சாயத்துணியில் போட்டால் வெளுத்துவிடும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆப்பசோடா கிருமிநாசினியும் அல்ல என்பதால், கிருமி கொல்ல வேண்டிய இடத்தில் பிளீச்சிங் பவுடருக்கு மாற்றாகவும் அதை வைத்துக்கொள்ள முடியாது. டப்பாவில் மாற்றிக் கொட்டும்போது 'சோடா' என்று மட்டும் எழுதாமல் ஆப்பசோடா, சலவைச் சோடா என்று முழுப்பெயரை எழுதி ஒட்டவும். பெயர் அழிந்துபோன டப்பாவில் எது இருக்கிறது என்று எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பார்த்தால் தெரியாது, இரண்டும் நுரைக்கும். சந்தேகமானதைப் பலகாரத்துக்கு எடுக்காமல், தெரிந்த பாக்கெட்டாகப் புதிதாய் வாங்கிக்கொள்ளலாம். விலை அப்படியொன்றும் அதிகமில்லை.