கூட்டலுக்குச் செலவில்லை, பெருக்கலுக்கு உண்டு

மூன்று பேருக்குத் தங்கள் சம்பளங்களின் மொத்தம் தெரிய வேண்டும். ஆனால் யார் சம்பளமும் மற்றவருக்குத் தெரியக் கூடாது. நம்பகமான நான்காவது ஆள் இல்லாமலே இதைச் செய்துகொடுப்பதுதான் செக்யூர் மல்டிபார்ட்டி கம்ப்யூட்டேஷன். இருவரில் யார் பணக்காரர் என்று சொத்து விவரத்தை வெளியிடாமலே கண்டறிய முடியுமா என்று 1982இல் கணினி விஞ்ஞானி ஆண்ட்ரூ யாவ் கேட்ட கேள்வியிலிருந்து வளர்ந்த துறை இது.

ஒவ்வொருவரும் தம் எண்ணை மூன்று துண்டாக்குகிறார். இரண்டு துண்டுகள் தற்செயல் எண்கள். மூன்றையும் கூட்டி, முன்பே பேசிவைத்த பெரிய எண்ணால் வகுத்தால் வரும் மீதிதான் சம்பளம். ஆளுக்கொரு துண்டு போகிறது. ஒற்றைத் துண்டை வைத்து எவ்வளவு வலிய கணினியாலும் எதையும் ஊகிக்க முடியாது. அவரவர் கையிலுள்ள துண்டுகளைக் கூட்டிச் சொன்னால் மொத்தம் வந்துவிடும். (இருவர் கூட்டுச் சேர்ந்தால் மூன்றாமவர் சம்பளம் தெரிந்துவிடும்தான். இங்கே அதைத் தடுக்க வழியில்லை, மொத்தத்தைச் சொன்னாலே அதுவும் தெரிந்துவிடுகிறது.)

சிக்கல் பெருக்கலில் வருகிறது. உங்கள் துண்டை என் துண்டால் பெருக்க வேண்டும், இரண்டையும் காட்டாமல். 1991இல் டொனால்ட் பீவர் அழகான வழி ஒன்று சொன்னார். இரு தற்செயல் எண்களையும் அவற்றின் பெருக்கற்பலனையும் முன்கூட்டியே துண்டுகளாகப் பகிர்ந்து வைத்துக்கொள்கிறோம். பெருக்க வேண்டிய எண்களிலிருந்து அந்த இரு தற்செயல் எண்களைக் கழித்து, வந்த வித்தியாசங்களை மட்டும் வெளியிடுகிறோம். மீதி வேலை கூட்டலிலேயே முடிகிறது. ஆனால் அந்த எண்களை மறுபடி பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு பெருக்கலுக்கும் புதிதாக வேண்டும், எல்லோரும் ஒரு சுற்று செய்தி பரிமாறவும் வேண்டும்.

செலவு ஏறுவது அங்கேதான். ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்கும் ஆயிரம் பெருக்கல்கள், சுற்றுக்கு 100 மில்லிநொடி என்றால், காத்திருப்பு மட்டுமே 100 நொடி. வேகமான பிராசசர் வாங்கி இதைக் குறைக்க முடியாது. ‘இது பெரிதானால் அதைச் செய்’ என்ற சாதாரணக் கட்டளைகூடக் கனக்கிறது: எந்தக் கிளையில் போனோம் என்பதே ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் இரண்டு கிளைகளையும் கணக்கிட வேண்டும்.

யாவின் வழி வேறு: கணக்கு முழுவதையும் லாஜிக் சர்க்யூட்டாக்கி, அதை மறையாக்கி மொத்தமாக அனுப்புவது. அதில் செய்திச் சுற்றுகள் மிகக் குறைவு, அனுப்பும் தரவுதான் பெருகும். இன்றைய சிறந்த முறைகளில் ஒன்றில் ஒவ்வொரு ‘ஆண்ட்’ கேட்டுக்கும் (இரு பிட்டுகளைப் பெருக்கும் அடிப்படைப் படி) 32 பைட். ஏஇஎஸ் என்ற பரவலான மறையாக்க முறையில் 16 பைட்டை மறையாக்கும் சர்க்யூட்டில் அத்தகைய கேட்கள் சுமார் 6,400. அதாவது ஏறத்தாழ 200 கிலோபைட்.

2008 ஜனவரியில் டென்மார்க்கில் சுமார் 1,200 விவசாயிகள் பங்கேற்ற சர்க்கரைக்கிழங்கு ஒப்பந்த ஏலம் எண்களைத் துண்டாக்கிப் பகிரும் வகை முறையில் நடந்தது. கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. துண்டுகளின் மீது செய்த கணக்கின் படிகளில் பெரும்பகுதி ஒவ்வொரு விலைக்கும் தேவையையும் வரத்தையும் கூட்டுவது. பெருக்கல்கள் வேண்டியிருக்கும் ஒப்பீடு தேவைப்பட்டது சந்தை விலையைத் தேடும் சில படிகளில் மட்டுமே.